மரபுரிமமும் இனமாற்றமும்



கணினிக்கு நிரல் எழுதுவோர் முதலில் செய்ய வேண்டிய வேலை வகை பிரிப்பதுதான். தமிழ்வழிப் பதினொன்றாம் வகுப்புக் கணினி நூலில் இவ்வகையை ‘இனக்குழு’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் கிளாஸ் என்பது இதுவே. வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஓர் அச்சு இருந்தால் அதில் எத்தனை பொம்மையும் எடுக்கலாம் அல்லவா? அச்சுதான் இனக்குழு, எடுத்த பொம்மை ஒவ்வொன்றும் ஒரு பொருள், அதாவது ஆப்ஜெக்ட்.

ஓர் இனக்குழுவிலிருந்து இன்னொன்றை உண்டாக்கினால், முன்னதன் பண்புகள் எல்லாம் பின்னதற்குத் தாமே வந்து சேரும். இதற்கு ‘மரபுரிமம்’ என்று பெயர். தொல்காப்பிய மரபியலில் உயிர்களைப் பிரித்திருக்கும் முறையைத் தமிழ் வகுப்பில் படித்தபோது இதுவே நம் நினைவுக்கு வந்தது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும் உண்டு. நத்தை முதலியவற்றுக்கு அதனுடன் சுவையும் சேர்கிறது. எறும்புக்கு மூக்கறிவும், நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணறிவும், விலங்குக்குச் செவியறிவும், மக்களுக்கு மனமும் கூடுகின்றன. ஒவ்வொரு படியிலும் புதியது ஒன்றே. பழையவை யாவும் கீழிருந்து வந்தவை. கணினியில் இம்முறையை முதன்முதலில் புகுத்தியவர்கள் நார்வே நாட்டு ஓஸ்லோவில் பணிபுரிந்த ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர். அவர்களுடைய மொழியின் பெயர் சிமுலா 67. அதற்காக 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்களுக்கு வழங்கப்பட்டது.

மரபுரிமம் என்றதும் பெற்றோர் சிலர் பாகூர்ப் பக்கத்து நிலப் பாகப்பிரிவினையை எண்ணக்கூடும். இது அதுவன்று! நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்தால் தகப்பனாரிடம் இருப்பது குறையும். இங்கே தாய் இனக்குழுவிடமிருந்து நூறு சேய்கள் பெற்றாலும் தாய்க்கு ஒன்றும் குறைவதில்லை.

இனி இனமாற்றத்தைக் காண்போம். ‘மாணவி’ என்று ஓர் இனக்குழு. அதில் பெயர், வகுப்பு, வருகை எண் ஆகியவை உள்ளன. அதிலிருந்து ‘விடுதி மாணவி’ என்று மற்றொன்று. அதில் கூடுதலாக அறை எண் உண்டு. விடுதி மாணவி ஒருத்தியை வெறும் ‘மாணவி’யாகக் கருதுவது மேல்நோக்கிய இனமாற்றம். இதில் ஆபத்து எதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரும் இருக்கத்தானே செய்கிறது? அங்கே அறை எண் எழுதப்படவில்லை என்பதால் அவளுக்கு அறை இல்லாமல் போய்விடவில்லை. நாம் பார்க்கும் ஏட்டில் அது தெரியவில்லை, அவ்வளவே. ஜாவா மொழியில் இப்படித்தான் நடக்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. பொருளைச் சுட்டாமல், தாய் இனக்குழுவின் அளவுக்கு நகலெடுத்தால் அந்த நகலில் அறை எண் வெட்டுப்பட்டுவிடும்.

இன்னொரு வியப்பும் உண்டு. பதிவேட்டைப் பார்த்து, “மணி அடித்ததும் எங்கே செல்வாய்?” என்று எல்லாரையும் ஒரே கேள்வி கேட்டால், மற்றவள் “பேருந்து நிலையத்துக்கு” என்பாள், விடுதி மாணவியோ “விடுதிக்கு” என்பாள். கேட்பவருக்கு இருவரும் மாணவியரே. பதில் மட்டும் அவரவர் இனக்குழுவின்படி வரும். இதையே பல்லுருவாக்கம் என்பர்.

கீழ்நோக்கிய இனமாற்றத்தில்தான் தொல்லை. பதிவேட்டில் கண்ட பெயரை எடுத்து, “இவள் விடுதி மாணவி, அறை எண் என்ன?” என்று கேட்டால், அவள் தினமும் வில்லியனூரிலிருந்து வந்து போகிறவளாக இருந்தால் என்ன சொல்வாள்? காளை மாடு கன்று போட்டது என்றால் கயிறு எடுத்து வா என்ற கதைதான்! முதலில் அது பசுவா என்று பார்க்க வேண்டும். ஜாவாவில் இதைக் கேட்டறிய ‘இன்ஸ்டன்ஸ் ஆஃப்’ என்னும் சொல் உள்ளது. கேட்காமல் மாற்றினால், ‘கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்’ என்ற பிழையைக் காட்டி நிரல் அங்கேயே நின்றுவிடும். சி பிளஸ் பிளஸில் ‘டைனமிக் காஸ்ட்’ சரிபார்த்து மாற்றும். ‘ஸ்டாடிக் காஸ்ட்’ நாம் சொன்னதை நம்பிவிடும். நம்பிவிடுவதே பெரிய ஆபத்து என்பது நம் கருத்து. நிரல் நின்றால் பிழை தெரியும். நிற்காமல் தவறான அறை எண்ணைக் காட்டினால் யாருக்குத் தெரியும்?

எண்களிலும் இனமாற்றம் உண்டு. அது பொருள்களின் இனமாற்றத்திலிருந்து வேறானது. மதிப்பே வேறு வடிவுக்கு மாறும். ஆயினும் சரிபாராமல் மாற்றுவதன் விளைவை அங்கேதான் உலகம் கண்டது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 என்னும் ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பி, ஏறத்தாழ 40 விநாடியில் வானிலேயே சிதறியது. முந்தைய ஏரியான் 4-இன் நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தனர். அதில் 64 பிட் பின்ன எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி ஒன்று இருந்தது. 16 பிட்டில் 32,767-க்கு மேல் அடங்காது. பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளரவில்லை. புதியதன் பக்கவாட்டு வேகம் அதிகமாகையால் அளவு மீறியது. மாற்றுக்கென வைத்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் கைவிட்டது. நான்கு செயற்கைக்கோள்கள் அதனுடன் அழிந்தன. இதில் வேதனை என்னவென்றால், ராக்கெட் கிளம்பிய பின் ஏரியான் 5-க்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை.

அப்படியானால் எதை எதிலிருந்து தருவிக்கலாம்? இதற்கு விதி கூறியவர் பார்பரா லிஸ்கோவ் என்னும் அமெரிக்கப் பெண்மணி என்பதைத் தோழியர் கவனிக்க. தாய் இருக்கும் இடத்தில் சேயை வைத்தாலும் நிரல் பிசகாமல் நடக்க வேண்டும் என்று 1987இல் அவர் எடுத்துரைத்தார். 2008ஆம் ஆண்டின் டூரிங் விருதும் பெற்றார். பாகூர் ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளைக் கண்டு, ‘பறவை’ என்ற இனக்குழுவில் ‘பற’ என்ற செயலை நாம் எழுதிவிடுகிறோம் என்று வையுங்கள். நாளை தீக்கோழியை அதிலிருந்து தருவித்தால் அது எப்படிப் பறக்கும்? ஆகவே ‘பறவை’யில் அலகும் இறகும் முட்டையும் மட்டும் இருக்கட்டும். ‘பற’ என்பதை ‘பறக்கும் பறவை’ என்ற சேய் இனக்குழுவில் எழுதினால், கொக்கு அதிலிருந்து வரும்; தீக்கோழி நேரே ‘பறவை’யிலிருந்து வரும்.