நாவலும் தொலைக்காட்சித் திரையும்

அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர், தம் நாவலொன்று 1934ஆம் ஆண்டில் திரைப்படமாக்கப்பட்ட விதத்தை வெறுத்தார். தம் நூல்களை எவரும் நாடகமாகவோ படமாகவோ ஆக்கலாகாதென மரண சாசனத்திலே எழுதிவைத்து, 1947இல் மறைந்தார். ஆயினும், 1913இல் வெளிவந்த அவருடைய ‘ஓ பயனியர்ஸ்’ நாவலின் பதிப்புரிமைக் காலம் முடிவுற்றதும் அத்தடை வலுவிழந்தது. 1992இல் அது தொலைக்காட்சித் திரைப்படமாயிற்று.

நெப்ராஸ்காவிற் குடியேறிய சுவீடன் நாட்டுக் கமக்காரக் குடும்பமொன்றின் கதை அது. மரணப் படுக்கையிலுள்ள தந்தை, ஆண்மக்கள் இருக்கவும், காணிப் பொறுப்பை மூத்த மகள் அலெக்சாண்ட்ராவிடமே ஒப்படைக்கிறார். வறட்சிக்கு அஞ்சி அயலார் விற்ற நிலங்களை அவள் துணிந்து வாங்கிக் கமத்தை வளம்படுத்துகிறாள். நாற்பதாம் வயதில் அவள் மணம்புரியக்கூடும் என்ற ஐயம் எழுந்ததும், குடும்பச் சொத்து ஆண்களுக்கே உரியதெனத் தம்பியர் இருவர் வாதாடுகின்றனர்.

நாவலில், ஒரு பக்கத்தைப் புரட்டியதும் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. தரிசு நிலம் விளைநிலமாகிவிடுகிறது. படத்திலோ, இளம் அலெக்சாண்ட்ராவாக ஒருவரும், முதிர்ந்தவளாக ஜெசிக்கா லாங்கும் தோன்றுகின்றனர். நாவலின் உண்மைத் தலைவி அந்த நிலமே. திரையோ மனித முகங்களையே நாடுகிறது. ஆசிரியரின் அச்சத்தில் நியாயம் உண்டு.

எனினும், பாடுபட்டவளுக்குக் காணி உரித்தாகாதா என்னும் வினாவை, நூலைத் திறவாத இல்லங்களுக்கும் திரை கொண்டுசென்றது. படம் பார்த்தவர் நூலையும் நாடுவாராயின், அவ்வச்சம் பாதி தீர்ந்ததென்பேன்.