லினக்ஸ் கணினியுடன் கைப்பேசியை யூ.எஸ்.பி. வழியாக இணைத்தல்

கைப்பேசியை யூ.எஸ்.பி. கேபிள் மூலம் லினக்ஸ் கணினியில் இணைத்துப் படங்கள், ஒலி, ஆவணங்கள் ஆகியவற்றைப் பரிமாறலாம். கைப்பேசியின் இணைய இணைப்பைக் கணினிக்கும் தரலாம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்களின் வழக்கமான மேசைத்தளங்களில், ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குப் பெரும்பாலும் தனி மென்பொருள் நிறுவத் தேவையில்லை.

பயன்பாடு

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் விண்டோசுடன் சேர்த்து வழங்கப்பட்டது. இதனால் மாணவர் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது. காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் கலந்துரையாடல்களை நடத்திவருகிறது.

பட்டு நெசவு நடக்கும் அவ்வூருக்குக் கேபிள் இணைப்பு பொருத்தமானது. சேலையின் கரையையும் முந்தியையும் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், படம் சுருக்கப்பட்டு ஜரிகையின் நுண்ணிய இழைகள் மங்கிவிடும். ஜக்கார்டு தறிக்கான வடிவத்தைக் கணினியில் கட்டம் கட்டமாக வரைபவருக்கு அந்த இழைகளே முக்கியம். கேபிள் வழியாக நகலெடுத்தால் மூலப்படம் மாறாமல் வந்து சேரும்.

கைப்பேசி பென்டிரைவ் அல்ல

பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பென்டிரைவ் போலவே கணினியில் தெரிந்தன. அம்முறையில் சேமிப்பகம் முழுவதும் கணினியின் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். அதுவரை கைப்பேசியால் அதைப் பயன்படுத்த முடியாது. ஒரே சேமிப்பகத்தில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதே காரணம்.

2011-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் எம்.டி.பி. என்னும் நெறிமுறை இடம்பெற்றது. இதில் கணினி ஒரு கோப்பைக் கேட்கிறது. கைப்பேசி எடுத்துத் தருகிறது. சேமிப்பகம் எப்போதும் கைப்பேசியின் வசமே இருக்கும். லினக்சில் இந்த உரையாடலுக்கு லிப்எம்டிபி என்னும் கட்டற்ற நிரலகம் பெரிதும் பயன்படுகிறது.

இணைக்கும் முறை

1. கேபிளைச் செருகிக் கைப்பேசியின் திரைப்பூட்டைத் திறக்க வேண்டும்.
2. ஆண்ட்ராய்டு 6 முதல் இணைப்பு வழக்கமாக 'சார்ஜ் மட்டும்' என்ற நிலையிலேயே தொடங்கும். அறிவிப்புப் பட்டியைத் தொட்டுக் 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
3. கணினியின் கோப்பு மேலாளரில் கைப்பேசியின் பெயர் தோன்றும். படங்கள் பெரும்பாலும் 'டிசிஐஎம்' கோப்புறையில் இருக்கும்.
4. கோப்பை முதலில் கணினிக்கு நகலெடுத்து, பிறகே திருத்துவது நல்லது.
5. முடிந்ததும் கோப்பு மேலாளரில் இணைப்பை விடுவித்த பின்னரே கேபிளைக் கழற்ற வேண்டும். நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும் முன் கைப்பேசியில் உள்ள மூலக்கோப்பை அழிக்கக் கூடாது.

ஐபோனாக இருந்தால் 'இந்தக் கணினியை நம்பலாமா' என்ற கேள்விக்கு ஒப்புதல் தர வேண்டும். அதற்கு லிப்ஐமொபைல்டிவைஸ் என்னும் நிரலகம் உதவுகிறது.

கைப்பேசி தெரியாவிட்டால்

முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும் தரவுக்கு இரண்டு கம்பிகளும் உண்டு. சில மலிவான கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை. அவை சார்ஜ் மட்டுமே செய்யும்.

அடுத்து, முனையத்தில் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையை இயக்கலாம். பட்டியலில் கைப்பேசி இல்லையெனில் கோளாறு கேபிளிலோ துளையிலோ இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலில் இருந்தும் கோப்புகள் தெரியவில்லை என்றால், திரைப்பூட்டையும் 'கோப்புப் பரிமாற்றம்' தேர்வையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

இணையமும் பாதுகாப்பும்

அமைப்புகளில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், கைப்பேசி ஒரு பிணைய அட்டை போலச் செயல்பட்டுக் கணினிக்கு இணையம் தரும். வைஃபை அட்டை வேலை செய்யாத புதிய லினக்ஸ் நிறுவலில் தேவையான மென்பொருளைப் பதிவிறக்க இது கைகொடுக்கும்.

நிரலாளர்கள் பயன்படுத்தும் 'யூ.எஸ்.பி. டீபக்கிங்' கோப்புப் பரிமாற்றத்துக்குத் தேவையில்லை. கைப்பேசியின் மீது கணினிக்குக் கூடுதல் அதிகாரம் தருவதால், வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். பிறர் கணினியில் சார்ஜ் ஏற்றும்போது 'சார்ஜ் மட்டும்' என்ற நிலையே பாதுகாப்பானது.