பூட்டிய சைக்கிளும் மாயமாகுது! பள்ளி மாணவ-மாணவிகளே உஷார்

மாலையில் கடைசி மணி அடித்ததும் பள்ளிக்கூடத்தின் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரே தள்ளுமுள்ளு. ஆளாளுக்கு சைக்கிளை இழுத்துக்கொண்டு பறக்கிறார்கள். 10 நிமிடத்தில் இடமே காலி. கடைசியில் ஒரு பையனோ, பொண்ணோ மட்டும் கையில் சாவியோடு அங்கும் இங்கும் பார்த்தபடி நிற்கும்.

"இங்கதான் சார் நிறுத்தினேன்... பூட்டிட்டுத்தான் போனேன்..."

சாவி பத்திரமாக கையில் இருக்கிறது. சைக்கிளைத்தான் காணோம்!

தமிழ்நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும் இந்த காட்சியை பார்த்த ஆசிரியர் ஒருவராவது இருப்பார். செயின் பறிப்பு, பைக் திருட்டு என்றால் ஊரே பேசும். சைக்கிள் போனால் "போனது போச்சு, விடு" என்பதோடு முடிந்துவிடும். அதுதான் கைவரிசை காட்டும் ஆசாமிகளுக்கு வசதி.

போனது சைக்கிள் மட்டுமா?

அரசு பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ்-1 படிக்கும் மாணவ-மாணவிகளுக்கு தமிழக அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காக தொடங்கிய திட்டம் இது. 2005-06 கல்வியாண்டில் மற்ற பிரிவினருக்கும் விரிவானது. ஒருவருக்கு ஒரு முறைதான். தொலைந்தால் இன்னொன்று கொடுக்க மாட்டார்கள்.

ஊரில் இருந்து மேல்நிலைப்பள்ளி 4, 5 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு பஸ், அதை விட்டால் அடுத்தது 10 மணிக்கு மேல். சைக்கிள் இருக்கும் வரை அந்த பிள்ளைக்கு பஸ் கவலை இல்லை. சைக்கிள் போன மறுநாள் முதல் நடை, இல்லை என்றால் அப்பாவின் வேலை கெட்டு பைக்கில் கொண்டுபோய் விடவேண்டும். பெண் பிள்ளை என்றால் சில வீடுகளில் "தனியா நடந்து போக வேணாம்" என்ற பேச்சும் கிளம்பும்.

சைக்கிளுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை கணக்கு போட்டே பார்த்திருக்கிறார்கள். பீகார் மாநிலத்தில் 2006-ல், 9-ம் வகுப்பு சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. அதை ஆய்வு செய்த பொருளாதார பேராசிரியர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2017-ல் முடிவை வெளியிட்டனர். அந்த திட்டத்தால் மாணவிகள் சேர்க்கை 32 சதவீதம் கூடியது என்றது ஆய்வு. அதிலும் பள்ளி 3 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சைக்கிள் வந்தால் இவ்வளவு பேர் பள்ளிக்கு வருகிறார்கள் என்றால், அது திருடு போனால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

சாவி ஒன்று, சைக்கிள் பல

சரி, பூட்டிய சைக்கிள் எப்படி போகிறது?

பெரும்பாலான சைக்கிள்களில் பின்சக்கரத்தின் மேல், கேரியருக்கு கீழே, அரைவட்டமாக ஒரு பூட்டு இருக்கும். சாவியை திருகி அழுத்தினால் ஒரு கம்பி வந்து சக்கரத்து போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே நிற்கும். சக்கரம் சுற்றாது. அவ்வளவுதான் இதன் வேலை. மலிவான பூட்டுகளில் சாவியின் வெட்டு விதவிதமாக இருப்பதில்லை. ஒருவர் சாவி இன்னொருவர் பூட்டுக்கு சேர்ந்துவிடுவது மாணவர்களுக்கே தெரிந்த சங்கதி. "சாவி தொலைஞ்சு போச்சு, உன்னுதை கொடு, ட்ரை பண்றேன்" என்று கேட்காத வகுப்பு உண்டா? மாணவனுக்கு தெரிந்தது திருடனுக்கு தெரியாதா என்ன!

சாவியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. பின்பக்கத்தை தூக்கிப் பிடித்து, முன்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு போனால் யாரும் கேட்கமாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு "சாவியை தொலைச்சிட்டான் போல, பாவம்" என்றுதான் தோன்றும். மொத்தமாக அள்ளுகிற கும்பல் என்றால் குட்டி யானை வண்டியிலேயே தூக்கிப் போட்டுவிடும்.

மெல்லிய ஸ்பிரிங் கேபிள் பூட்டு வாங்கி மாட்டுகிறவர்கள் நிறைய. வண்ண வண்ணமாக பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே இருப்பது மெல்லிய கம்பி. கட்டிங் பிளேயர் இருந்தால் போதும். நம்பர் பூட்டு கதை இன்னும் வேடிக்கை. 4 வளையம் உள்ள பூட்டில் 10 ஆயிரம் எண்கள் வரும். ஆனால் அவசரத்தில் ஓடுகிற மாணவன் கடைசி வளையத்தை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடுவான். திருடன் 10 முறை திருப்பினால் திறந்துவிடும். நாலு வளையத்தையும் கலைத்துவிட வேண்டும். பிறந்த வருடத்தை நம்பராக வைப்பது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? பூட்டு சக்கரத்தை நிறுத்தினால் போதாது, சைக்கிளையே ஒரு இடத்தில் கட்டிப் போடவேண்டும். தடிமனான செயின் ஒன்றை பின்சக்கரம் வழியாகவும், ஃபிரேம் வழியாகவும் விட்டு, நகராத கம்பத்திலோ, கிரில்லிலோ சுற்றி நல்ல பூட்டு போடவேண்டும். கம்பம் இல்லையா? இரண்டு, மூன்று நண்பர்களின் சைக்கிளை ஒன்றாக சேர்த்து கட்டலாம். மூன்றையும் சேர்த்து தூக்கிக்கொண்டு நடப்பது லேசான காரியம் இல்லை. கம்பத்தை பார்த்து கட்டும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இடுப்பு உயர கம்பம் என்றால் செயினோடு சேர்த்து மேலே உருவிவிடுவார்கள்.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு தனி தலைவலி. சில மாடல்களில் முன்சக்கரமும், சீட்டும் சின்ன நெம்புகோலை தள்ளினால் கழன்றுவிடும். ஸ்பானரே வேண்டாம். செயினை முன்சக்கரத்துக்கு போடாவிட்டால் மாலையில் மிச்ச சைக்கிள்தான் நிற்கும். கடையில் சொல்லி அந்த நெம்புகோலுக்கு பதில் சாதாரண நட்-போல்ட் மாட்டிக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. செயினை வாங்கிய கையோடு ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு ஓட்டுகிறார்கள். குலுங்கி நழுவி முன்சக்கரத்துக்குள் போனால், ஓட்டுகிறவர் தலைகீழாக போய் விழவேண்டியதுதான். சீட்டுக்கு கீழே உள்ள பைப்பில் இறுக்கி சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் பைக்குள் போடுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் நாள் முழுக்க

பள்ளிக்கூட வளாகத்தில் போவதை விட வெளியில் போவது சுலபம். கிராமத்து பிள்ளைகள் பலர் மெயின் ரோடு வரை சைக்கிளில் வந்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு டவுன் பஸ் ஏறுவார்கள். காலை 7.30-க்கு நிறுத்தினால் மாலை 6 மணிக்குத்தான் எடுப்பார்கள். தினமும் அதே இடம், அதே நேரம். நோட்டமிடுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? அங்கே உள்ள டீக்கடைக்காரரிடம் சொல்லி அவர் கண்ணில் படும்படி நிறுத்துவது பாதி பாதுகாப்பு.

டியூஷன் சென்டர் வாசல், விளையாட்டு மைதானம், நூலகம், திருவிழா கூட்டம் ஆகியவையும் இப்படித்தான். டியூஷனில் "ஒரு மணி நேரம்தானே" என்று பூட்டாமலே உள்ளே போகிறவர்கள் அதிகம்.

இன்னொரு ரகம், கேட்டு வாங்கிக்கொண்டு போகிற ஆசாமி. "தம்பி, பக்கத்துல மருந்து கடை வரைக்கும் அவசரமா போகணும், அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்பான். பையனும் பாவம் பார்த்து கொடுப்பான். அப்புறம் எங்கே வருவது? முன்பின் தெரியாதவர் கேட்டால், "நீங்க உட்காருங்கண்ணே, நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று சொன்னால் கூட போதும், ஆள் நகர்ந்துவிடுவான்.

கவிழ்த்துப் போட்டு பாருங்க

இது எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. காசு செலவில்லை. ஆனால் பத்தில் ஒருவர் கூட செய்திருப்பாரா என்பது சந்தேகம்.

பைக்குக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, நம்பர் பிளேட் இருக்கிறது. சைக்கிளுக்கு எதுவும் இல்லை. அந்த காலத்தில் ஊராட்சி, நகராட்சிகளில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டுவார்கள். தாத்தாக்களை கேட்டால் சொல்வார்கள். இப்போது அதுவும் இல்லை. அதிலும் அரசு கொடுக்கும் சைக்கிள்கள் ஒரே நிறம், ஒரே மாடல். நூறு சைக்கிளுக்கு நடுவே "இது என்னுது" என்று எதை வைத்து சொல்வது?

அதற்குத்தான் ஃபிரேம் நம்பர். சைக்கிளை கவிழ்த்துப் போட்டு, இரண்டு பெடலும் சேரும் இடத்தின் அடிப்பகுதியை பாருங்கள். எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை குத்தப்பட்டிருக்கும். சில சைக்கிள்களில் சீட்டுக்கு கீழே பைப்பில் இருக்கும். சேறும் கிரீசும் அப்பியிருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு துடைத்தால் தெரியும். அதை நோட்டில் எழுதி வைத்து, செல்போனில் ஒரு போட்டோவும் எடுங்கள். சைக்கிளின் முழு போட்டோ, கீறல், ஒட்டிய ஸ்டிக்கர் என்று அடையாளம் தெரிகிற மாதிரி இன்னும் இரண்டு எடுத்தால் தேவலை.

பழைய ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள். பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, சீட்டை கழற்றி அந்த பைப்புக்குள் போட்டுவிடுவார்கள். திருடன் பெயிண்டை மாற்றலாம், ஸ்டிக்கரை கிழிக்கலாம். பைப்புக்குள் இருக்கும் சீட்டு அவனுக்கு எப்படி தெரியும்? மட்கார்டில் பெயிண்டால் அடையாளம் போடுவதும் நல்லதுதான். பெண் பிள்ளைகள் சைக்கிளில் மட்டும் வெளியே தெரியும்படி பெயர், போன் நம்பர் எழுத வேண்டாம். ஒரு குறியோ, எண்ணோ போதும்.

கடையில் வாங்கிய சைக்கிள் என்றால் பில்லை பத்திரப்படுத்துங்கள். அரசு சைக்கிளுக்கு பில் கையில் இருக்காது. ஆனால் வழங்கியதற்கான பதிவு பள்ளியில் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் கேட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

ரூ.5 ஆயிரம் கணக்கு

பில் எதற்கு என்று கேட்கலாம். விஷயம் சட்டத்தில் இருக்கிறது.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் இந்திய தண்டனை சட்டத்துக்கு பதில் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. பழைய 379-வது பிரிவு இப்போது 303(2). திருட்டுக்கு 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் திருடிய பொருளின் மதிப்பு ரூ.5 ஆயிரத்துக்கு குறைவாக இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ, அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் ஜெயில் இல்லை. சமூக சேவைதான் தண்டனை.

இத்தோடு முடியவில்லை. புதிய குற்றவியல் நடைமுறை சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அட்டவணையில், இந்த ரூ.5 ஆயிரத்துக்கு உட்பட்ட சின்ன திருட்டு, மாஜிஸ்திரேட்டு உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரணை நடத்த முடியாத குற்றங்களின் வரிசையில் வருகிறது. அதாவது, "பழைய சைக்கிள் சார், ரெண்டாயிரம் பெறும்" என்று புகார் கொடுக்கிறவர் தன் வழக்கை தானே இளைத்துவிடச் செய்கிறார். ரூ.6 ஆயிரம், ரூ.7 ஆயிரம் கொடுத்து போன வருடம் வாங்கிய சைக்கிள் என்றால் பில்லை காட்டி மதிப்பை எழுதச் சொல்லலாம். இல்லாததை கூட்டிச் சொல்லவும் கூடாது. இருப்பதை குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

மதிப்பு குறைவு என்றாலும் புகார் கொடுக்காமல் இருக்கக்கூடாது. ஃபிரேம் நம்பர், நிறம், கம்பெனி, காணாமல் போன இடம், நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் புகார் பதியலாம். ஒரே ஆசாமி பல சைக்கிள்களை தூக்குவது வழக்கம். பிடிபடும்போது அவனிடம் இருப்பது யாருடையது என்று தெரிய புகார்தான் வழி. எடுத்தவன் 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால் விவகாரம் இளஞ்சிறார் நீதிக்குழுமத்துக்கு போகும்.

போலீஸ் நிலையத்துக்கு போகும் வழியிலேயே எதிர் கடைகளில் கண்காணிப்பு கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவுகள் சில நாட்களிலோ, சில வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். பழைய இரும்பு கடை, செகண்ட் ஹேண்ட் சைக்கிள் கடை பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம். உங்கள் சைக்கிளை கண்டுவிட்டால் நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம், போலீசாருக்கு சொல்லுங்கள்.

மலிவாக கிடைக்கிறது என்று வாங்குகிறவர்களும் உஷாராக இருக்கவேண்டும். திருட்டு பொருள் என்று தெரிந்தே வாங்கினால் 317-வது பிரிவில் அவர்களுக்கும் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. அரசு சின்னம் சுரண்டப்பட்ட, பெயிண்ட் அவசரமாக அடிக்கப்பட்ட சைக்கிளை பாதி விலைக்கு தருகிறேன் என்றால் ஏன் என்று கேட்கவேண்டாமா?

ஸ்டேஷன் பின்பக்கம்

போலீஸ் நிலையங்களின் பின்பக்கம் போய் பார்த்தால் பைக்குகளுக்கு நடுவே செடி முளைத்து, துருப்பிடித்து சைக்கிள்கள் கிடப்பதை பார்க்கலாம். திருடனிடம் இருந்து மீட்டவை, கேட்பாரற்று கிடந்தவை. உரியவர் யார் என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் மனு போட்டு, பில்லையும் ஃபிரேம் நம்பரையும் காட்டி வாங்கிக்கொள்ளலாம். உரியவர் தெரியாவிட்டால், 6 மாதத்துக்குள் வந்து உரிமை கோரும்படி மாஜிஸ்திரேட்டு அறிவிப்பு கொடுக்கலாம். அதற்குள்ளும் யாரும் வரவில்லை என்றால் சைக்கிள் அரசு கைக்கு போய், ஏலத்தில் எடை போட்டு விற்கப்படும்.