தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சலும் பெற்றோரின் அச்சமும்

ஒன்றரை மாதக் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவரும் பெற்றோரும் பாட்டிமாரும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஊசி போட்டு, வீணாகக் காய்ச்சலை வரவழைக்க வேண்டுமா?" நோயில்லாத குழந்தைக்குத் தரப்படும் மருந்து என்பதால், அதன் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. எது இயல்பு, எது ஆபத்து என்பதைப் பிரித்தறிய இக்கட்டுரை உதவும்.

எதிர்பார்க்க வேண்டியவை

6, 10, 14 ஆகிய வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் கிருமியால் வரும் நிமோனியா மற்றும் மூளைக்காய்ச்சல் ஆகியவற்றைத் தடுக்கிறது. இதில் கொல்லப்பட்ட கக்குவான் கிருமி முழுமையாக இருப்பதால், அதனை எதிர்க்க உடல் முனையும்போது காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வலியும் தோன்றலாம். இவை பெரும்பாலும் முதல் நாளிலேயே தொடங்கி, இரண்டு நாள்களில் அடங்கிவிடும்.

பிறந்தவுடன் இடது கையில் போடப்படும் பி.சி.ஜி. ஊசியோ சில வாரங்கள் கழித்துச் சிறு கட்டியாகி, உடைந்து, தழும்பாக மாறும். இது சீழ்க்கட்டி அன்று. மருந்தோ மஞ்சளோ பூச வேண்டியதில்லை. 9 மாதம் முடிந்ததும் போடப்படும் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து இலேசான காய்ச்சலும் தடிப்பும் வருவதுண்டு.

அச்சத்திற்குக் காரணமான ஒரு நிகழ்வு

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அந்தத் துயரத்தை நினைவில் வைத்திருக்கும் பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை. அதன்பின் தமிழக அரசு, கிராமங்களுக்கே சென்று ஊசி போடும் முறையை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடும் முறையைக் கொண்டுவந்தது. கண்காணிப்பு கூடியது, ஆனால் பல தாய்மார்களுக்குத் தொலைவும் கூடியது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் 100க்கு ஏறத்தாழ 81 பேர். 2015-16இல் 70 பேர். 2019-21இல்தான் இது 89 ஆக உயர்ந்தது.

இந்த இடைவெளியை நோய்க்கிருமிகள் பயன்படுத்திக்கொள்ளும். பலரும் மறந்துவிட்ட தொண்டை அடைப்பான், 2016இல் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் மீண்டும் பரவி உயிர்களைப் பறித்தது.

காரணம் எவ்வாறு கண்டறியப்படுகிறது?

ஊசிக்குப் பின் ஒரு தீங்கு நேர்ந்தால், ஊசியாலேயே நேர்ந்தது என்று உடனே முடிவு செய்யவும் கூடாது. தற்செயல் என்று ஒதுக்கவும் கூடாது. தடுப்பூசியின் இயல்பு, தயாரிப்பில் குறை, கையாள்வதில் தவறு, ஊசியைப் பற்றிய பதற்றம், அதே வேளையில் வந்த வேறு நோய் என ஐந்து வகைக் காரணங்களையும் ஆராய வேண்டும். கடுமையான ஒவ்வொரு நிகழ்வையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்கின்றன; மாவட்ட, மாநில, தேசிய அளவில் குழுக்கள் அவற்றை ஆராய்கின்றன. ஆகவே ஊசிக்குப் பின் குழந்தை நோயுற்றால் எங்களிடம் மறைக்காமல் கூறுங்கள்.

கையாள்வதில் தவறு நேராதிருக்கச் சில விதிகள் உள்ளன. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பொடியாக வரும் பி.சி.ஜி., தட்டம்மை–ரூபெல்லா மருந்துகளை அவற்றுடன் வரும் கரைப்பு நீரில் மட்டுமே கரைத்து, 4 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் புதிய சிரிஞ்சு தேவை. மருந்துக் குப்பி திறந்த நேரத்தை நீங்கள் செவிலியரிடம் கேட்கலாம். அதை யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

முந்தைய தவணைக்குப் பின் வலிப்பு, மூச்சுத் திணறல், கடும் ஒவ்வாமை ஏதேனும் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாதாரணச் சளிக்காகவோ இலேசான வயிற்றுப்போக்குக்காகவோ ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கும் பிறந்த நாளிலிருந்தே வாரக் கணக்கு தொடங்கும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே காத்திருங்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக மிக அரிது. வந்தால் பெரும்பாலும் இந்த நேரத்திற்குள் வரும். உடனே தர வேண்டிய அட்ரினலின் மருந்து அருகிலேயே இருக்கும்.

தந்தை இரவு ஷிப்டுக்குச் செல்லும் வீடுகளில், முதல் இரவில் தாய்க்குத் துணையாக ஒருவர் இருக்கும்படி ஊசி நாளைத் தேர்ந்தெடுப்பது நலம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். பாரசிட்டமால் சொட்டு மருந்தைக் குழந்தையின் எடைக்கேற்ப நாங்கள் எழுதித் தரும் அளவில் மட்டும் கொடுங்கள். நெய்வேலியின் கோடைக்காலத்தில் காய்ச்சலுள்ள குழந்தையைப் போர்வையால் சுற்றாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியே போதும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம்.

பின்வருவனவற்றில் ஒன்று தென்பட்டாலும் இரவு பகல் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்:

• மூச்சுத் திணறல், உதடு அல்லது முகம் வீங்குதல்
• வலிப்பு, துவண்டு வெளிறிப் போதல், பால் குடிக்க மறுத்தல்
• 3 மணி நேரத்திற்கு மேல் ஓயாத அழுகை
• குறையாத கடுங்காய்ச்சல், அல்லது இரண்டு நாள்களைக் கடந்தும் நீடிக்கும் காய்ச்சல்
• ரோட்டா சொட்டு மருந்துக்குப் பின் விட்டுவிட்டு வீறிட்டு அழுதல், தொடர் வாந்தி, மலத்தில் இரத்தம்

பேறுகாலத்திற்குத் தாய்வீடு சென்று திரும்பும்போது பல குழந்தைகளுக்கு ஒரு தவணை விடுபட்டுவிடுகிறது. அதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. தடுப்பூசி அட்டையையும் மனத்தில் உள்ள ஐயங்களையும் மறவாமல் கொண்டுவாருங்கள். அனைத்திற்கும் விடையளித்த பின்னரே ஊசி போடுவோம்.