எக்ஸ்ரேயில் சிக்காத தோள்வலி

விருதுநகர் மாவட்டத்தில், வ. புதுப்பட்டிப் பக்கம் தோள்வலி என்றால் முதலில் தைலம். கேட்காவிட்டால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஒரு எக்ஸ்ரே. 'எலும்பு நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். கையோ தலைக்கு மேல் ஏறாது.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. தோளில் பெரும்பாலும் பழுதாவது எலும்பு அல்ல. கை எலும்பின் உருண்டைத் தலையை நான்கு தசைநாண்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. 'சவ்வு கிழிஞ்சிருச்சு' என்று நாம் சொல்வது இவற்றைத்தான். அவற்றின் மேல் உராய்வைக் குறைக்க மெல்லிய நீர்ப்பை ஒன்று. கால்சியம் படிந்தால் ஒழிய இவை எக்ஸ்ரேயில் தெரியாது.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ஸ்கேன்தான் இங்கே உதவுகிறது. அது ஒலியை அனுப்பிப் பார்ப்பது. நம் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை. தோளுக்கு அனுப்பும் ஒலி ஒரு கோடியை ஒட்டியது. அதிர்வு கூடினால் ஆழம் குறையும், நுணுக்கம் கூடும். எம்.ஆர்.ஐ.யில் அசையாமல் படுக்க வேண்டும். இந்த ஸ்கேனிலோ, 'பின்பாக்கெட்டில் கையை வையுங்க' என்பார் மருத்துவர். எலும்புக்கடியில் ஒளிந்திருக்கும் தசைநாண் முன்னால் வந்துவிடும். கையைத் தூக்கும்போது அது எங்கே இடிக்கிறது என்பதும் திரையில் தெரியும்.

அதே கருவியில் 'டாப்ளர்' என்ற வசதியை இயக்கினால் அழற்சி உள்ள இடத்தில் ரத்த ஓட்டம் நிறமாகத் தெரியும். முடக்குவாதத்தைத் தேடும் மருத்துவருக்கு இது பெரிய துப்பு. ஐம்பது வயதுக்கு மேல் இரு தோள்களும் காலையில் இறுகிப்போகும் 'பாலிமயால்ஜியா ருமாட்டிகா' நோய்க்கு 2012-இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் வகுத்த அளவுகோலில் ஸ்கேனுக்கும் புள்ளிகள் உண்டு.

ஆனால் ஸ்கேனே தீர்ப்பல்ல. வயதானவர்களுக்கு வலியே இல்லாமலும் சவ்வு கிழிந்திருக்கும். சர்க்கரைக்காரர்களை அதிகம் பிடிக்கும் 'உறைந்த தோள்' திரையில் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் போகலாம்; மருத்துவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால்தான் பிடிபடும்.

இத்தனை வசதியான கருவியை மூட்டு மருத்துவர் நினைத்தவுடன் வாங்கி மேசையில் வைக்க முடியாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்துக்கு ஸ்கேன் கருவியை விற்கவே கூடாது. தோள் மட்டுமே பார்ப்பேன் என்றாலும் பதிவு வேண்டும். இங்கிருந்து வடக்கே, பேரையூர் தாண்டினால் உசிலம்பட்டி. 1980-களில் பெண் சிசுக்கொலைச் செய்திகளில் அடிபட்ட ஊர். அதை நினைத்தால் சட்டத்தைக் குறைசொல்ல வாய் வரவில்லை. பதிவுள்ள ஸ்கேன் அறைகளிலேயே தோள் பார்க்கவும் ஆட்களைப் பழக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. 2022-இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பழகிய கைக்கு ஒரு தோளைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.