இரண்டு சாட்சிகள்

நியூயார்க் துறைமுகத்தில் இருக்கிறது எல்லிஸ் தீவு. அங்கிருந்த குடியேற்ற நிலையத்தின் மாடிப்படியில் கால் வைத்ததுமே பரிசோதனை தொடங்கிவிடும். ஏறுபவர்களுக்கு அது தெரியாது. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார் என்று மருத்துவர்கள் மேலிருந்தே கவனிப்பார்கள். ஐயம் எழுந்தால் மேலாடையில் சுண்ணக்கட்டியால் ஓர் ஆங்கில எழுத்து: இதயத்துக்கு 'எச்', காலுக்கு 'எல்', கண்ணுக்கு 'ஈ'. இமையைப் புரட்டும்போது டிரக்கோமா என்ற தொற்றும் கண்நோய் தென்பட்டால் பெரும்பாலும் திரும்பும் கப்பல்தான்.

1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா சேர்ந்தார்கள். ரஷ்யப் பேரரசின் கலவரங்களும் வறுமையும் அவர்களைத் துரத்தின. உடம்பில் குறையில்லாதவரையும் தடுக்க இன்னொரு விதி இருந்தது: அரசுச் செலவில் பிழைக்க நேரலாம் என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும். மறுத்துப் பேச அவர்களில் பலரிடம் இருந்த மொழி இத்திஷ் மட்டுமே. அந்த மொழியிலேயே பேசி அருகில் வந்தவர்கள் ஹையாஸ் எனப்படும் யூதக் குடியேறிகள் உதவிச் சங்கத்தினர். உறவினரைத் தேடிப்பிடித்தார்கள், மேல்முறையீடு செய்தார்கள். 1911இல் தீவிலேயே யூத உணவு விதிப்படியான கோஷர் சமையலறை திறந்தார்கள். சமய விதியை மீற மனமின்றி அரைவயிற்றோடு கடல் கடந்தவர்களுக்குக் கிடைத்த அந்தச் சூடான சாப்பாட்டைச் சங்கத்தின் பெரும்பணிகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். 1882இல் தானும் குடியேறியாக வந்த அலெக்சாண்டர் ஹார்காவி, பின்னாளில் தீவில் அச்சங்கத்தின் பிரதிநிதியானார். புதிதாக வருபவர்களுக்காக ஆங்கில-இத்திஷ் அகராதிகளும் தொகுத்தார்.

தீவைத் தாண்டியவர் உடனே குடிமகனாகிவிட முடியாது. அன்று நடப்பிலிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். குடிமகனாக விரும்புவதாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அங்கே வாழ்ந்ததையும் அவருடைய நன்னடத்தையையும் அறிந்த இரண்டு குடிமக்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும்.

என்னை வியக்கவைப்பது இதுதான். கண்ணை மருத்துவர் சோதிக்கலாம், ஆங்கிலத்தை நீதிபதி சோதிக்கலாம். ஒருவர் அத்தனை ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தார் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரும் தையல் பட்டறைத் தோழரும்தானே சொல்ல முடியும்! நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியின் நெரிசலான குடியிருப்புகளில், முன்னே வந்து குடியுரிமை பெற்றவர் பின்னே வந்தவருக்குச் சாட்சியாக நிற்க முடிந்தது. எஜுகேஷனல் அலையன்ஸ் போன்ற நிலையங்கள் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தன. ஆனால் 1922 வரை மணமான பெண்களுக்குத் தாமாகக் குடியுரிமை கோரும் வழி இல்லை. கணவரின் குடியுரிமையே அவர்களுடையதும்.

1924ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வரவை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஹையாஸ் நிற்கவில்லை, இன்று எந்த மதத்தைச் சேர்ந்த அகதிக்கும் அது உதவுகிறது.