உங்களுக்குத் தெரியுமா? வேர் சிகிச்சைப் பல்லுக்குள் சுண்ணாம்பு!

வேர் சிகிச்சை ஒரே நாளில் முடியாதபோது, வேர்க்குழாய்க்குள் மருத்துவர் அடைத்துவைக்கும் வெள்ளைப் பசை பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். வேதியியல்படி, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதுவே. 1920இல் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹெர்மன் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். இதன் பிஹெச் அளவு சுமார் 12.5, அதாவது கடுமையான காரம். இதிலிருந்து பிரியும் ஹைட்ராக்சில் அயனிகள் பாக்டீரியாவின் செல் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கின்றன. இவ்வளவு காரம் சுற்றியுள்ள திசுவைப் பொசுக்கிவிடாதா? பசை நீரில் மிகக் கொஞ்சமே கரைவதால் பாதிப்பு பொதுவாகத் தொட்ட இடத்தின் மேற்பரப்போடு நிற்கிறது. வேர்நுனியைத் தாண்டி நரம்புப் பாதையில் புகுந்தால் மட்டும் சங்கதி வேறு.

ஆனால் காரம் அதிகம் என்பதாலேயே கிருமி ஒழிந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். பல்லின் உள்ளடுக்கான டென்டினே காரத்தைத் தணித்துவிடுகிறது. குழாய்க்குள் இருக்கும் கடுமை வேரின் வெளிப்பக்கம் போய்ச் சேர்வதில்லை. எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியாவோ புரோட்டான்களை உள்ளிழுத்துக்கொண்டு பிஹெச் 11 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். அப்படியானால் மாதக்கணக்கில் பசையை விட்டுவைக்கலாமே என்றால், நெடுநாள் தங்கும் பசை டென்டினையே பலவீனமாக்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே பசை துணை மருந்துதான். கருவியாலும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலாலும் குழாயைச் சுத்தம் செய்வதே முதன்மையான சிகிச்சை. வலி நின்றுவிட்டதே என்று இருந்துவிடாமல் மருத்துவர் சொன்ன தேதிக்குப் போய்விடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை வலிக்கும் பல்லில் வைக்கவே வைக்காதீர்கள், வாய் வெந்துவிடும்.